வெளிநாட்டு நர்ஸ் வேலை: ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது?

பி.எஸ்சி நர்சிங் முடித்து, சாமராஜநகரிலோ மைசூருவிலோ இரண்டு வருடம் வார்டு வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடப் படித்த தோழி லண்டனில் இருந்து ஸ்டேட்டஸ் போடுகிறார். அதே வாரம் ஒரு ஏஜென்ட் போன் செய்கிறார். "7 லட்சம் ரெடி பண்ணுங்க, 6 மாசத்துல அனுப்பி வெச்சிடறோம்." வீட்டில் நகையை எடுத்து எடை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நகை அடகுக்கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தொகையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ரூ.30,000. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் அவ்வளவுதான். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.35,400. அதற்கும் ரசீது தர வேண்டும்.

அப்போ 7 லட்சம் எங்கிருந்து வருது? 'டிரெய்னிங்', 'டாக்குமென்டேஷன்', 'ப்ராசஸிங்' என்று பெயர் மாற்றித்தான். பலர் தங்களை ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வதே இல்லை, 'கன்சல்டன்சி' என்பார்கள். பெயர்ப் பலகை மாறினால் சட்டம் மாறிவிடாது. வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பினால் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பதிவு இருக்கிறதா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே பார்த்துவிடலாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. குவைத் வேலைக்கு ஆள் எடுத்த கொச்சி ஏஜென்சி ஒன்றின் மீது 2015-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. வாங்க வேண்டியது ரூ.19,500. ஒவ்வொரு நர்ஸிடமும் வாங்கியதாகச் சொல்லப்பட்டது ரூ.19.5 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டு ஈராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே 46 இந்திய நர்ஸ்கள் சிக்கினார்கள். கேரளத்தவர்தான் ஏறக்குறைய எல்லோரும், ஒருவர் தூத்துக்குடிக்காரர். வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்ற கவலையோடுதான் அவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். 2015 ஏப்ரல் 30 முதல் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயமானது.

ஏஜென்ட்டால் வாங்கித் தர முடியாதது

விசாவை விடப் பெரிய கதவு ஒன்று இருக்கிறது: அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் பதிவு. நீங்கள் பரீட்சை எழுதி, உங்கள் பெயரில் வாங்க வேண்டியது அது. யாருக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் குறுக்குவழி கிடையாது.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். முதல் படி ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5. இல்லையென்றால் ஓஇடி: மூன்றில் 'பி', எழுத்தில் 'சி பிளஸ்'. பலருக்கு ஓஇடி சுலபமாக இருப்பதற்குக் காரணம், அதில் எழுதச் சொல்வது நோயாளி பற்றிய கடிதம்தான். சுற்றுச்சூழல் கட்டுரை இல்லை. அடுத்தது சிபிடி என்கிற கணினித் தேர்வு, கட்டணம் 83 பவுண்டு. இங்கேயே எழுதலாம். இதன் ஒரு பகுதி முழுக்க மருந்தளவுக் கணக்கு. கடைசியாக ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, 794 பவுண்டு. அது பிரிட்டனுக்குப் போன பிறகு, பொதுவாக வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள். மொத்தம் 10 நிலையங்கள், மூன்று வாய்ப்புகள்.

இந்தச் செலவில் பெரும்பகுதியை நல்ல மருத்துவமனைகள் தாங்களே ஏற்கும். பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்கவே கூடாது. அந்த நெறிமுறையை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியலை என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் அமைப்பு வெளியிடுகிறது. போன் செய்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் பிரிட்டனில் இப்போது கூட்டம் அதிகம், இடம் குறைவு. வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கே புதிதாகப் பதிவு செய்த நர்ஸ்கள், மருத்துவச்சிகள் எண்ணிக்கை 2024-25-ல் சுமார் 30% சரிந்தது. "முதல்ல கேர் ஒர்க்கரா போயிடுங்க, அங்க போய் நர்ஸா மாறிக்கலாம்" என்று இன்னும் யாராவது சொன்னால், அவருக்கு ஒன்று தெரியவில்லை அல்லது நன்றாகத் தெரியும்: கேர் ஒர்க்கர் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ல் மூடிவிட்டது.

நம்ம பக்கத்துச் சிக்கல்: இரண்டு கவுன்சில்

தாளவாடிக்காரர்களுக்கு ஈரோட்டை விட சாமராஜநகர்தான் பக்கம். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இங்கேதான் வருவார்கள், படிப்புக்கும்தான். ஆகவே தமிழ்நாட்டு முகவரி, ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகப் பட்டம், கர்நாடக நர்சிங் கவுன்சில் பதிவு என்று ஒரே ஆளிடம் கலவையாக இருக்கும். பிறகு கோவையில் வேலை கிடைத்துத் தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிந்திருப்பீர்கள். வெளிநாட்டுக் கவுன்சில் 'குட் ஸ்டாண்டிங்' சான்று கேட்கும்போது, நீங்கள் பதிந்த ஒவ்வொரு கவுன்சிலிடமும் கேட்கும் என்று எதிர்பார்த்துத் தயாராகுங்கள். ஒன்றை மறைத்தால் அதுவே உங்கள் நேர்மை மீதான கேள்வியாகிவிடும்.

சான்று பெரும்பாலும் கவுன்சிலில் இருந்து கவுன்சிலுக்கு நேராகப் போக வேண்டும். அதற்குக் காலாவதியும் உண்டு. அதனால் மொழித் தேர்வில் தேறும் முன்பே பெங்களூருக்கு ஓடிச் சான்றுக்கு விண்ணப்பித்தால், இரண்டு முறை அலைய வேண்டிவரும். பதிவைப் புதுப்பிப்பது, பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, இவற்றை மட்டும் இன்றே செய்யலாம். (பாஸ்போர்ட் இப்போது பெரிய வேலை இல்லை. நாட்டின் முதல் தபால் நிலைய பாஸ்போர்ட் மையங்கள் 2017 ஜனவரியில் தொடங்கியபோது, அதில் ஒன்று மைசூருவில்தான் வந்தது.)

கர்நாடகத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. "அப்போ என் டிகிரி செல்லுமா?" என்ற பதற்றம் அப்போது கிளம்பியது. வெளிநாட்டுக் கவுன்சில்கள் முதலில் பார்ப்பது உங்கள் மாநிலப் பதிவையும் படித்த மணிநேரக் கணக்கையும். பல்கலைக்கழகத்தில் இருந்து முழு டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி வையுங்கள்.

மற்ற நாடுகள்?

ஜெர்மனியில் ஆள் தேவை உண்மை. விலை, ஜெர்மன் மொழியில் பி2. வார்டும் நைட் டியூட்டியும் பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடம் சுலபமாகப் போய்விடும். அங்கே அங்கீகாரம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. உங்கள் படிப்பில் குறை கண்டால் தகுதித் தேர்வோ பயிற்சிக் காலமோ முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் சம்பளம்தான். ஜெர்மன் அரசு அமைப்புகள் கேரளத்தின் நோர்காவோடு நடத்தும் 'டிரிப்பிள் வின்' திட்டத்தில் நர்ஸிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் அது.

அமெரிக்காவுக்கான என்கிளெக்ஸ் தேர்வை பெங்களூருவிலேயே எழுதலாம். தேறிவிடுவீர்கள், விசாதான் நிற்கும்: இந்தியர்களுக்கான வரிசையில் பத்தாண்டுக்கும் மேலான காத்திருப்பு. இதைச் சொல்லாமல் என்கிளெக்ஸ் கோச்சிங் விற்பவர்கள் நிறைய. ஆஸ்திரேலியா 2025-ல் திறந்த விரைவுப் பாதையில் இந்தியப் பதிவு இல்லை. ஆனால் பிரிட்டன் போன்ற நாடுகளில் தேர்வெழுதிப் பதிந்து 1,800 மணிநேரம் வேலை பார்த்திருந்தால் அந்தப் பாதை உங்களுக்கும் திறக்கும்.

அரசு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கர்நாடகத்தில் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் சர்வதேச இடப்பெயர்வு மையம். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகை அடகுக்குப் போகாது.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால் சம்பளப் பக்கத்தை அப்புறம் படியுங்கள். முதலில் 'திருப்பிச் செலுத்துதல்' பகுதியைத் தேடுங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்குள் விலகினால் விமான டிக்கெட், விசா, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மாதம் செல்லச் செல்ல அந்தத் தொகை குறைகிறதா, தொகை எவ்வளவு என்று எண்ணாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் போனில் வந்தால், "இதையே மெயில்ல அனுப்புங்க" என்று சொல்லுங்கள்.