மலையேறும் உடல் – 11: வலிக்காத பாதம்

கண்டியில் ஏரிக்கரையை விட்டால் சமதரை என்று சொல்ல அதிகம் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். மஹியாவைக்கு ஏறவேண்டும், ஹந்தானைக்கு ஏறவேண்டும், பஹிரவகந்தைப் புத்தரைப் பார்க்கவும் ஏறவேண்டும். ஏறியவர் எல்லோரும் இறங்கியே ஆகவேண்டும். ஏறும்போது கெண்டைக்காலிலிருந்து குதிவரை இழுபடுகிறது. இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முன்னால் சரிந்து, விரல்கள் சப்பாத்தின் முனையில் போய் முட்டுகின்றன. போன வாரம் முழங்காலோடு நின்றோம். இந்த வாரம் அதற்கும் கீழே இறங்குவோம்.

கண்டியில் கால் நோவு என்று வருகிறவர்களிடம் அதிகம் கேட்கும் முறைப்பாடு குதிவலிதான். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதியில் சுரீர் என்று குத்தும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தால் குறையும். கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டு எழும்பினால் மறுபடியும் அதே குத்து. நாள் முழுக்க நின்றபடி படிப்பிக்கும் ஆசிரியைகளுக்கும் புடைவைக் கடைப் பிள்ளைகளுக்கும் பஸ் கொண்டக்டர்மாருக்கும் இது பழகிய வருத்தம். குதியெலும்பிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்போடு ஒட்டும் இடத்தில் ஓயாமல் இழுபட்டு நொந்துபோவதுதான் காரணம். எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்கு அந்த இடத்தில் சிறு எலும்பு முள் தெரியும். உடனே "எலும்பு வளந்திட்டுது, வெட்டத்தான் வேணும்" என்று வீடே கலங்கும். அந்த முள் இருந்தும் ஒரு வலியும் இல்லாமல் திரிகிறவர்கள் ஏராளம். முள்ளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு துவாயை விரலடியில் கொளுவி, முழங்காலை மடக்காமல் பாதத்தைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும். அரை நிமிடம் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். பின்னேரத்தில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்டலாம். தட்டையான ரப்பர்ச் செருப்பைக் கொஞ்ச நாள் ஓரமாய் வைத்துவிட்டு, குதி சற்று உயர்ந்த மெத்தென்ற அடியுள்ளதைப் போடலாம். மாதக்கணக்கில் எடுக்கும், ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சுகப்படும். ஊசி போடுவதெல்லாம் அதற்குப் பிந்திய பேச்சு.

கால் ஆணியின் கதை வேறு. அதற்கு வேர் உண்டு, வேரோடு பிடுங்காவிட்டால் மறுபடி முளைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. முளைப்பது உண்மைதான், ஆனால் வேரால் அல்ல. ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தம் பட்டால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்த தோல் உள்நோக்கி அழுத்த, நோகிறது. அழுத்துகிற சப்பாத்து அதேயாக இருக்கும்வரை எத்தனை முறை பிளேட்டால் சீவினாலும் ஆணி திரும்பி வரும். சப்பாத்து அளவாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கடதாசியில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்த வடிவத்தை வெட்டிச் சப்பாத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். கடதாசி ஓரத்தில் மடங்கினால் உங்கள் விரல்களும் அங்கே தினமும் மடங்குகின்றன. கூரிய முனைச் சப்பாத்து வைத்திருக்கும் யாருக்கும் இதை ஒருதரம் செய்துவிட்டு மறுபடி அதைப் போட மனம் வராது. பார்மசியில் விற்கும் ஆணிப் பிளாஸ்டரில் இருப்பது தோலை அரிக்கும் சலிசிலிக் அமிலம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ஏன் என்பது கொஞ்சத்தில் வரும்.

மழைக்காலச் சேற்றுப்புண்ணையும் பித்தவெடிப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னது ஈரத்தால் வருவது, பின்னது வறட்சியால் வருவது. கம்பூட்ஸுக்குள் நாள் முழுக்கக் கால் நனையும் மாநகரசபைத் தொழிலாளிக்கும், பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் விரலிடுக்கு வெளுத்துப் பிளக்கிறது. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவதுதான் பாதி வைத்தியம். பூஞ்சணத்துக்கான களிம்பு மீதிப் பாதி. வெடிப்புக்கு, குளித்து ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசினால் போதும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

இதுவரை சொன்ன எல்லாம் வலிக்கும், கடிக்கும், எரியும். அதனால்தான் ஆட்கள் மருந்து தேடுகிறார்கள், அதனாலேயே இவற்றால் யாரும் காலை இழப்பது அபூர்வம். காலை இழக்கிறவர்கள் பெரும்பாலும் "நோகவே இல்லையே" என்று சொன்னவர்கள்தான்.

2005–06இல் நடந்த நாடளாவிய ஆய்வில் இலங்கையின் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். 2018–19இல் நடந்த இன்னொரு ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கு மேல். சீனி பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. முள்ளந்தண்டிலிருந்து கால் விரல்வரை ஓடுவதைவிட நீளமான நரம்பு நமக்கு ஏது? அதனால் மரப்பு விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. ஆணிப் பிளாஸ்டரின் அமிலம் தோலை அரித்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது.

கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் செருப்பைப் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கு வார் அறுந்தால் நம்மவர்கள் புதுச்செருப்பு வாங்குவதில்லை. வாரை மறுபடி ஓட்டைக்குள் தள்ளி, செருப்பின் அடியில் ஒரு ஊக்கைக் குறுக்கே குத்திவிடுவார்கள். மலையகத்தில் பாதிச் செருப்புகள் ஊக்கில்தான் உயிர்வாழ்கின்றன. அந்த ஊக்கு வாய் திறந்து ரப்பரைத் துளைத்து மேலே வந்திருந்தது. கடைக்குப் போய், கோயிலுக்குப் போய், திரும்பி வந்து லயத்துச் சீமெந்துத் தரையில் நடந்திருக்கிறார். தரையில் இரத்தப் பொட்டுக்களைக் கண்டது பேத்திதான். "அம்மாயி, ஒங்க காலுல ரத்தம்!" "எனக்கு ஒண்ணும் வலிக்கலியே பிள்ள." புண் ஆறிவிட்டது, கால் தப்பிவிட்டது. பேத்தி பார்த்ததால் தப்பியது.

மரத்த பாதத்தை எப்படிக் காப்பது என்ற அறிவு பெரிய நாடுகளிலிருந்து நமக்கு வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். வந்த வழி அதற்கு நேரெதிர். கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீராக்கத் தொடங்கினார். விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் பார்த்தது வேறு. கிருமி நரம்பைக் கொன்றுவிடுகிறது. மிச்சத்தைச் செய்வது சூடும் கல்லும் ஆணியும். திருத்திய கையோடு உறங்கப் போனவர் காலையில் விரல் குறைந்து எழும்பிய மர்மம் ஒன்று இருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தால் எலி! கடி உறைக்காததால் நோயாளி விழிக்கவில்லை. அதற்குப் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பினார்கள். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்களை எலி கடித்த சம்பவங்கள் இந்திய மருத்துவ இதழ்களில் இன்றும் பதிவாகின்றன. நம் லயங்களில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

பிராண்டின் பெரிய கண்டுபிடிப்பு இன்னொன்று. புண் எப்போதும் ஆணி குத்தித்தான் வரவேண்டும் என்றில்லை. வெறும் நடையே போதும். நமக்கு உள்ளங்காலில் ஒரு புள்ளி நொந்தால், நினைக்காமலே நடையை மாற்றிவிடுகிறோம்; பாரம் ஓரத்துக்குப் போகிறது, அல்லது நொண்டுகிறோம். மரத்த கால் நொண்டாது. ஆயிரமாவது அடியும் முதல் அடி விழுந்த அதே புள்ளியில் விழும். அந்த இடம் சூடாகி, தடித்து, தடிப்புக்கு அடியில் இரத்தம் கட்டி, ஒருநாள் வெடிக்கும். இதற்கு வேலூரும் அதை அண்டிய கரிகிரியும் தந்த பதில் ஒரு செருப்பு: நுண்துளை ரப்பரால் ஆன மெத்தையும் அதற்குக் கீழே முள் ஏறாத கெட்டி அடியும் கொண்டது. அதில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. எல்லாம் ஒட்டியும் தைத்தும் செய்வதுதான், மரத்த காலுக்குச் செருப்பின் ஆணியே எதிரி என்பதால். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொழுநோயாளிகளிடம் கற்றதை அங்கே நீரிழிவுக் கால்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

அவர் கையோடு கொண்டுபோன இன்னொரு சிகிச்சையில் இலங்கைக்கும் பங்குண்டு. உள்ளங்கால் புண்ணை மருந்து கட்டிக் கட்டிலில் கிடத்துவதற்குப் பதில், காலோடு ஒட்டினாற்போல் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டு நோயாளியை நடக்கவிடும் முறை அது. பாரம் புண்ணில் விழாமல் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பங்காகிறது. 1930களில் இதைத் தொழுநோய்ப் புண்களுக்குக் கையாண்டவர்களாக இந்தியாவின் ஜோசப் கானையும் நம் நாட்டு மில்றோய் போலையும் மருத்துவ வரலாறு சொல்கிறது. மில்றோய் போல் இலங்கையின் முதல் சத்திரசிகிச்சைப் பேராசிரியர்; கொழும்பில் பேர்பெற்ற தமிழ் மருத்துவக் குடும்பத்தவர். கிருமி தொற்றாத, இரத்த ஓட்டம் நன்றாயிருக்கும் நீரிழிவுப் புண்ணுக்கு இன்றும் உலகம் முழுதும் முதலில் பரிந்துரைப்பது இந்தக் கட்டைத்தான், அல்லது அதன் வழிவந்த கழற்ற முடியாத பூட்ஸைத்தான். மாதக்கணக்கில் ஆறாத புண்கள் பல ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மூடிக்கொள்கின்றன. நம்மிடையே பிறந்த வைத்தியம் நம் கிளினிக்குகளில் அபூர்வமாகிப்போனது எனக்கு ஆறாத கவலை.

லண்டனில் சீனி வருத்தத்தோடு இருக்கும் நம் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருதரம் கால் பார்க்க அழைப்பு வரும். ஆபத்தான காலாக இருந்தால் பாதத்துக்கென்றே படித்த பொடியாட்ரிஸ்ட் ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவுக்குப் பின்னாலும் நாடி பிடிப்பார். தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலோன் இழையை, அது வளையும் மட்டும், உள்ளங்காலில் அங்கங்கே வைத்து "தெரியுதா?" என்று கேட்பார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை உறைக்காவிட்டால் அந்தக் கால் இனிமேல் காவல் வேண்டிய கால். தடித்த தோலைக் கத்தியால் இலை இலையாகச் சீவி எடுப்பார். கடைசியில் நோயாளியின் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். கல், தையல் முடிச்சு, நசுங்கிய உள்ளடி எதுவானாலும் கைக்கு அகப்படும்.

இலங்கையில் இந்த வேலை பலரிடையே பிரிந்து கிடக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனையிலோ நீரிழிவைப் பார்ப்பது ஒருவர், புண்ணை வெட்டுவது இன்னொருவர், தோலைப் பார்ப்பது மற்றொருவர். காலுக்கேற்ற செருப்பும் தாங்கிகளும் செய்யப் படித்தவர்கள் 2004இல் ராகமையில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வருகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் காலை முழுதாக ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கும் மேசை நோயாளிக்குக் கிடைப்பது அரிது. கிளினிக்கில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, கொப்பியில் சீனி அளவு எழுதப்படுகிறது, குளிசை எழுதப்படுகிறது, கால் செருப்புக்குள்ளேயே இருந்துவிட்டு வீடு போகிறது. நீரிழிவால் கால் வெட்டப்படுவோரில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோருக்கு முதலில் இருந்தது ஒரு சிறு புண்.

கண்டிக்காரருக்கு இன்னுமொரு ஆபத்து, வெறுங்கால். தலதா மாளிகையானாலும் கட்டுக்கலைப் பிள்ளையாரானாலும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். அதில் எனக்கு மறுப்பில்லை. நடுப்பகல் வெயிலில் காய்ந்த கருங்கல்லில் மரத்த கால் வெந்து, பின்னேரம் கொப்புளம் கண்டபின்தான் தெரியும். ஆகவே அப்படிப்பட்டவர்கள் காலை வெள்ளெனப் போய்க் கும்பிடட்டும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பதைப் பற்றி எழுதினால் சிலர் கோபிப்பார்கள். கோபித்தாலும் சொல்கிறேன்: கால் மரத்தவர் தீ மிதிக்கக் கூடாது. அம்மனுக்கு வேறு நேர்த்திகள் உண்டு.

தோட்டங்களில் வெறுங்காலின் கதை பழையது. 1916இல் றொக்பெல்லர் நிதியத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலையும் இந்த வெறுங்காலைப் பற்றியதுதான். மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் புழு அது. தொழிலாளியின் இரத்தத்தைக் குடித்தே வாழ்ந்தது. மலசலகூடம் கட்டுவதே தீர்வு என்றார்கள். செலவு என்று துரைமார் இழுத்தடித்தார்கள்.

உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் இன்றிரவே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் ஜெரி ரேமன் என்ற வைத்தியர் வகுத்து 2011இல் வெளியானது. கருவி எதுவும் வேண்டாம். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி, இறகு பட்டாற்போல் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, ஒரே விரலை இரண்டாம் முறை தொடக்கூடாது. தொட்டது தெரிந்ததும் "வலது" அல்லது "இடது" என்று சொல்லட்டும். ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லவேண்டும். சொல்வதோடு நிற்காமல், முறை வந்ததும் டொக்டர் கேட்கும்வரை பார்த்திராமல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கி, புறங்கையால் தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, ஆனால் வலி பெரிதாக இல்லை என்றால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவவேண்டாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காமல் அன்றைக்கே அந்தக் காலில் பாரம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

(அடுத்த வாரம்: இரவில் கெண்டைக்கால் பிடிப்பது ஏன்?)