காதில்லாக் கருவிகளின் சுருதி

நுழையும்முன்

மனிதர் வாசிக்காமலே ஒலிக்கும் இசைப்பெட்டிகளும் இசைக் கடிகாரங்களும் ஒருகாலத்தில் ஐரோப்பிய மாளிகைகளையும் வீடுகளையும் நிறைத்திருந்தன. தாமாகவே இசைக்கும் அக்கருவிகளுக்குச் சுருதி சேர்த்தவர் யார்? எவ்வாறு சேர்த்தார்? அச்சுருதியை இன்று நாம் மாற்றலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது இசையும் இயற்பியலும் வரலாறும் ஓரிடத்தில் கூடுகின்றன.

வீணைக் கலைஞர் மேடையில் அமர்ந்ததும் பிரடையைத் திருகித் தந்திகளைச் சுருதி சேர்க்கிறார். மிருதங்கக் கலைஞர் விளிம்பைத் தட்டித் தட்டி அச்சுருதியோடு இணைகிறார். கச்சேரியின் நடுவே தந்தி சற்றே தளர்ந்தாலும் செவி அதை உணர்த்துகிறது. கை உடனே திருத்துகிறது. கருவி, கை, செவி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கண்காணிப்பதால்தான் இசை வழுவாமல் நிற்கிறது.

தானியங்கி இசைக்கருவியில் கையின் வேலையைப் பொறி செய்கிறது. செவியின் வேலையைச் செய்வதற்கு அங்கு எவரும் இலர். அதனை உருவாக்கிய கைவினைஞர் தம் பட்டறையில் கேட்டுக் கேட்டு அமைத்த சுருதியே அதன் சுருதி. அவர் மறைந்த பிறகும் அது அவருடைய செவியின் தீர்ப்பையே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

முள் பதித்த உருளை

தானாக இசைக்கும் கருவியை அமைக்கும் முயற்சி மிகப் பழைமையானது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள், தானே ஒலிக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்துள்ளனர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கோட்டையில் 1502ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஆர்கன் ஒன்று இன்றும் ஒலிக்கிறது. அதன் பல குழல்கள் ஒருசேர முழங்குவதால் மக்கள் அதனைச் 'சால்ஸ்பர்க் காளை' என்றே அழைக்கின்றனர்.

இவ்வகைக் கருவிகளின் உள்ளமைப்பு எளிமையானது. மரத்தாலோ உலோகத்தாலோ ஆன உருளை ஒன்றின்மீது முட்கள் பதிக்கப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது ஒவ்வொரு முள்ளும் ஒரு நெம்புகோலை உயர்த்தும். நெம்புகோல் அடைப்பானைத் திறக்கும். துருத்தியின் காற்று உரிய குழலுக்குள் பாயும். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்பவை அனைத்தும் முட்களின் இடத்தாலும் நீளத்தாலும் தீர்மானிக்கப்படும். பிரான்சு நாட்டுத் துறவி எங்ரமேல் 1775இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு சுரத்திலும் ஒலிக்கும் பகுதி எவ்வளவு, அமைதி எவ்வளவு என்று கணக்கிட்டு முட்களைப் பதிக்கும் முறையை விளக்கினார்.

இக்கருவிகளைப் பெரும் இசைமேதைகளும் மதித்தனர். எஸ்டர்ஹாசி குடும்பத்தின் நூலகரான நீமெட்ஸ் உருவாக்கிய இசைக் கடிகாரங்களுக்காக ஜோசப் ஹைடன் சிற்றிசைப் படைப்புகளை அமைத்தார். மொசார்ட் தம் வாழ்வின் இறுதிக் காலமான 1790, 1791ஆம் ஆண்டுகளில் தானியங்கி ஆர்கனுக்கென மூன்று படைப்புகளை இயற்றினார்.

சீப்பும் அரமும்

1796ஆம் ஆண்டு ஜெனீவாவைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ர், குழல்களுக்கும் மணிகளுக்கும் மாற்றாக எஃகுப் பற்களை ஒலிக்கச் செய்யும் வழியைக் கண்டார். சீப்பைப் போன்ற எஃகுத் தகட்டின் பற்களை உருளையின் முட்கள் மீட்டிச் செல்லும். இதுவே இசைப்பெட்டியின் தோற்றம்.

இப்பற்களின் சுருதி இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டது. ஒருமுனை பிணைக்கப்பட்ட எஃகுப் பல்லின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வெண் நான்கு மடங்காகும். தடிமனை இருமடங்காக்கினால் அதிர்வெண்ணும் இருமடங்காகும். தாழ்ந்த சுரங்களுக்கு மிக நீண்ட பற்கள் தேவை. சிறிய பெட்டிக்குள் அவற்றுக்கு இடமில்லை. எனவே பல்லின் நுனிக்குக் கீழே ஈயத் துண்டைப் பற்றவைத்தனர். நுனியின் எடை கூடுவதால் அதிர்வு மெதுவாகிச் சுருதி தாழ்கிறது.

பிறகு அரத்தின் வேலை தொடங்கும். நுனியில் சிறிது தேய்த்தால் எடை குறைந்து சுருதி உயரும். அடிப்பகுதியில் தேய்த்தால் பல்லின் விறைப்புக் குறைந்து சுருதி தாழும். இருபுறமும் திருகக்கூடிய பிரடை இங்கு இல்லை. தேய்த்துப் போன எஃகு திரும்ப வராது. ஒவ்வோர் அரத்தேய்ப்பும் மீளாத முடிவு.

சீப்பில் எல்லாச் சுரங்களும் இடம்பெற வேண்டுவதில்லை. உருளையில் பதித்த பாடல்களுக்குத் தேவையான சுரங்கள் இருந்தாலே போதும். ஆனால், அடுத்தடுத்து விரைவாக வரும் ஒரே சுரத்துக்குப் பல பற்களை அதே சுருதியில் அமைப்பர். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லின்மீது அடுத்த முள் பட்டால் கரகரப்பு எழும் என்பதே இதற்குக் காரணம். அக்கரகரப்பைத் தடுக்கப் பற்களின் அடியில் மெல்லிய அதிர்வடக்கிகளையும் பொருத்தினர்.

விரைவும் வெப்பமும்

கிராமபோன் தட்டை விரைவாகச் சுழற்றினால் பாட்டும் விரையும், குரலும் கீச்சிடும். இசைப்பெட்டியில் அவ்வாறு நிகழ்வதில்லை. உருளை எவ்வளவு விரைந்து சுழன்றாலும் பாடலின் காலம் மட்டுமே மாறும்; பல்லின் சுருதி மாறாது. கிராமபோன் தட்டு ஒலியின் அலைவடிவத்தையே பதிவு செய்கிறது. முள் உருளையோ, 'இந்தச் சுரத்தை இப்போது மீட்டுக' என்னும் கட்டளையை மட்டுமே தாங்குகிறது. காலம் உருளையிலும் சுருதி எஃகிலும் தனித்தனியே உறைகின்றன.

சுருதியை மாற்றும் ஆற்றல் வெப்பத்துக்கு உண்டு. குழலின் சுருதி அதனுள் உள்ள காற்றில் ஒலி செல்லும் வேகத்தைச் சார்ந்தது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியசு உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எனவே, 15 டிகிரியில் 440 ஹெர்ட்சு அதிர்வெண்ணில் ஒலிக்கும் குழல், 25 டிகிரியில் ஏறத்தாழ 448 ஹெர்ட்சில் ஒலிக்கும். எஃகுச் சீப்பிலோ வெப்பம் கூடினால் விறைப்புக் குறைந்து சுருதி மிகச் சிறிதளவு தாழும். ஒரே அறையில் குழற்கருவியும் இசைப்பெட்டியும் இருந்தால் கோடையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகும்.

பன்னிரு சுரங்களின் கணக்கு

சட்சமத்திலிருந்து பஞ்சமத்துக்கு உள்ள தூய விகிதம் 3:2. இவ்விகிதத்தில் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு தாயிகளுக்கு அப்பால் தொடங்கிய சுரத்துக்கே வந்துசேர வேண்டும். ஆனால், கணக்கு இசைவதில்லை. பன்னிரண்டு முறை ஏறிய பெருக்கம் 129.75, ஏழு தாயிகளின் பெருக்கம் 128. இந்தச் சிறு மிகுதியை எங்கே ஒளிப்பது என்பதே சுருதி அமைப்போரின் தீராச் சிக்கல்.

இன்றைய பியானோ இம்மிகுதியைப் பன்னிரு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. அதனால் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டும் வாசிக்க இயலும். ஆனால், 1.25 என இருக்கவேண்டிய தூய காந்தாரத்தின் விகிதம் 1.26 ஆகிறது. இதற்கு முந்தைய ஐரோப்பிய முறை ஒன்று, பஞ்சமங்களைச் சற்றுக் குறுக்கிக் காந்தாரங்களைத் தூய்மையாக வைத்தது. அம்முறையில் சில ஆதார சுரங்கள் இனிக்கும். சில, செவி பொறுக்காதவாறு கசக்கும்.

வாசிப்பவர் எந்தச் சுரத்தைத் தேர்வார் என்பது பியானோ செய்பவருக்குத் தெரியாது. உருளை ஆர்கன் செய்பவருக்கு அது முன்பே தெரியும். பாடல்களைப் பதிப்பவரே அவர்தாம். கசக்கும் சுரங்களைத் தவிர்த்து, இனிப்பவற்றை மட்டும் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இருந்தது. கருவியின் குறுகிய எல்லையே அதன் இனிமைக்கு வாய்ப்பானது.

சிலர் வேண்டுமென்றே சுருதியைப் பிசகவும் வைத்தனர். சில இசைப்பெட்டிகளில் ஏறத்தாழ ஒரே சுருதியுடைய இரு சீப்புகள் உண்டு. ஒன்றின் பல் 440 ஹெர்ட்சிலும் மற்றொன்றின் பல் 442 ஹெர்ட்சிலும் அதிர்ந்தால் நொடிக்கு இரண்டு விம்மல்கள் தோன்றும். ஒலி அலையலையாய் மிதப்பது போன்ற அழகு அதனால் பிறக்கிறது.

மாறிய அளவுகோல்

தமிழிசையில் பாடுபவரின் குரலுக்கேற்ப ஆதார சுருதி அமைகிறது. அதனை 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' எனக் குறிக்கும் வழக்கு ஆர்மோனியத்தின் கட்டைகளை ஒட்டி எழுந்தது. பல கருவிகள் ஒருசேர ஒலிக்கும் ஐரோப்பிய இசைக்குப் பொதுச்சுருதி தேவைப்பட்டது. ஆயினும் அப்பொதுச்சுருதி ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபட்டது.

1711இல் ஆங்கிலேய இசைஞர் ஜான் சோர் இசைக்கவையை உருவாக்கினார். இசைமேதை ஹாண்டெலுக்கு உரியதாகக் கருதப்படும் இசைக்கவை 422.5 ஹெர்ட்சு அதிர்வெண் கொண்டது. 1859இல் பிரான்சு அரசு 435 ஹெர்ட்சைச் சட்டமாக்கியது. 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 ஹெர்ட்சைப் பரிந்துரைத்தது. ஹாண்டெலின் இசைக்கவைக்கும் இன்றைய அளவுக்கும் இடையே அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு வேறுபாடு உள்ளது.

தாளில் எழுதிய இசைக்குறிப்பு சுரத்தின் பெயரைச் சொல்லும். அதன் உண்மையான உயரத்தைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை பழைய இசைக்கவைகள், மணிகள், குழல்கள், சீப்புகள் ஆகியனவே. இவற்றுள் தானியங்கிக் கருவி ஒரு படி மேலானது. சுருதியோடு, அக்காலத்தவர் சுரங்களை எவ்வளவு நீட்டினர், எங்கே கமகங்களை ஒத்த அணிகளைச் சேர்த்தனர் என்பதையும் அது காட்டுகிறது.

திருத்துவதா, காப்பதா?

இருநூறாண்டுப் பழைமையான இசைப்பெட்டி ஒன்று பழுதுநீக்குபவரிடம் வருகிறது. அதன் ஒலி இன்றைய பியானோவோடு ஒத்துப்போகவில்லை. அரத்தை எடுத்து 440 ஹெர்ட்சுக்குத் திருத்திவிடலாம், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால், அக்கணமே அக்கருவி தன் காலத்தைப் பற்றி அளித்துவந்த சான்று அழிந்துவிடும்.

அப்படியானால் எதையும் தொடாமல் விடுவதுதான் சரியா? அதுவும் முழு விடையன்று. ஈயம் ஈரத்தால் அரிக்கப்பட்டு எடை மாறியிருக்கலாம். எஃகு துருவால் மெலிந்திருக்கலாம். துருப் பிடித்த பல்லின் ஒலி, கைவினைஞரின் கருத்தாகாது. எனவே, சிதைவு எது, நோக்கம் எது எனப் பிரித்தறிவதே பழுதுநீக்குபவரின் முதற்கடமை.

அதற்கு அளவீடு உதவும். முதலில் ஒவ்வொரு பல்லின் அதிர்வெண்ணையும் குறிக்க வேண்டும். ஓரிரு பற்கள் மட்டும் விலகியிருந்தால் அது பெரும்பாலும் சிதைவு. அரிப்பு எல்லாப் பற்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. ஆதலால், அனைத்தும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் அதுவே அன்றைய பொதுச்சுருதி எனக் கொள்ளலாம். இரு சீப்புகளும் தொடர்ந்து சீரான விம்மல்களை எழுப்பினால் அப்பிசகு திட்டமிட்டது. காந்தாரங்கள் தூய்மையாகவும் வேறு சில இணைகள் கரடாகவும் ஒலித்தால் அது பழைய சுர முறையின் அடையாளம். குழற்கருவியாயின் அறையின் வெப்பநிலையையும் உடன் குறிக்க வேண்டும். இல்லையேல் கோடையின் வெப்பத்தைப் பழங்காலச் சுருதி என்று மயங்க நேரிடும்.

இத்தகைய ஆய்வுக்குப் பின், சிதைந்த பற்களை மட்டும் அவற்றின் அண்டைப் பற்களுக்கு இசையத் திருத்துவது முறையாகும். இன்றைய சுருதியில் கேட்க விரும்புவோருக்குப் புதிய சீப்பொன்றைச் செய்து தரலாம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரிலும் சுவிட்சர்லாந்தின் செயின்ட் குரோயிக்சு ஊரிலும் உள்ள அருங்காட்சியகங்கள் இக்கருவிகளைப் பாதுகாத்து ஒலிக்கச் செய்கின்றன.

நம் செவி 440 ஹெர்ட்சுக்குப் பழகியது. பழைய கருவி அதிலிருந்து விலகி ஒலிக்கும்போது அதனைப் பிழை என்று கருதுவது இயல்பே. ஆயினும், அரத்தைக் கையில் எடுக்கும் முன் அளந்து பார்க்க வேண்டும். அந்த விலகலில் ஒரு கைவினைஞர் கேட்டதும் ஒரு காலம் கேட்டதும் இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட 'திப்புவின் புலி' ஒரு தானியங்கி ஒலிக்கருவி. கைப்பிடியைச் சுழற்றினால் வீரனின் கை அசையும். அவன் அலறலும் புலியின் உறுமலும் கேட்கும். புலியின் உடலுக்குள் கையால் வாசிக்கும் சிறு ஆர்கனும் உண்டு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இது, இரண்டாம் உலகப்போரில் சிதைந்து, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளை எடுத்து, ஒன்றின் புயத்தில் சிறிது மெழுகு ஒட்டுக. இரண்டையும் ஒருசேர ஒலிக்கச் செய்து, எழும் விம்மல்களை எண்ணுக. இசைப்பெட்டிப் பல்லில் ஈயம் செய்யும் பணியோடு இதனை ஒப்பிட்டு எழுதுக.

2. 'பழைய இசைக்கருவியை இன்றைய சுருதிக்கு மாற்றலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.