நாயனமும் தவிலும் – 11: எந்தப் பெயரில் கடல் கடப்பது?

வெளிநாட்டுக் கோயிலிலிருந்து அழைப்பு வந்தால் நம் மேளக்காரர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதை. அடுத்தது தங்க இடம், சாப்பாடு. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ‘என்னைக் கலைஞன் என்று அழைக்கிறீர்களா, கோயில் ஊழியன் என்று அழைக்கிறீர்களா?’ வாசிப்பது அதே மல்லாரிதான், அதே கெட்டிமேளம்தான். ஆனால் விசாத் தாளில் எந்தப் பெயர் ஏறுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அங்கே போய் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு வாசல். ஒன்று கலைத்துறைப் பணியாளர் விசா. 12 மாதம் வரை தருவார்கள். அதே நிறுவனத்தில் தொடர்ந்தால் மொத்தம் 24 மாதம் வரை நீட்டலாம். மற்றொன்று சமயப் பணியாளர் விசா. இதற்கும் 24 மாதம்தான் உச்சம். இரண்டுக்கும் கோயில் நிர்வாகத்திடம் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை பிரிட்டன் உள்துறை இணையத்தில் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அந்தப் பட்டியலில் கோயிலின் பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாரம் 20 மணி நேரம் வெளியே இன்னொரு வேலை பார்க்கவும் அனுமதி உண்டு, ஆனால் அது அதே துறையில், அதே நிலையில் இருக்க வேண்டும். கலைஞனாகப் போனவர் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்தால் அதை இசைப்பணி என்று சொல்ல வழி இருக்கிறது. சமயப் பணியாளராகப் போனவர் வரவேற்பு மேடையில் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு அதைச் சமயப் பணி என்று சொல்ல முடியுமா? லண்டன் பக்கம் கல்யாண மேளத்தில் வரும் காசை நம்பிப் போகிறவர்கள் பலர். அவர்கள் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. பி-3 என்பது பண்பாட்டுத் தனித்தன்மை கொண்ட நிகழ்ச்சிக்காக வரும் கலைஞர்களுக்கான விசா. ஒரு வருடம் வரை கிடைக்கும். எந்தத் தேதியில் எந்த ஊரில் வாசிப்பு என்ற பயண நிரலை மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். சமயப் பணியாளருக்கான ஆர்-1 முதலில் 30 மாதத்துக்குக் கிடைக்கும். மொத்தம் ஐந்து வருடம் தாண்டக் கூடாது. இந்த இரண்டில் நாயனக்காரருக்கு எது பொருத்தம் என்று கேட்டால் நான் பி-3 பக்கம்தான் நிற்பேன். பண்பாட்டுத் தனித்தன்மைக்கு நாகஸ்வரத்தைவிட நல்ல சாட்சி எது? பிறகு ஏன் கோயில் கமிட்டிகள் ஊழியர் வழியையே பிடிக்கின்றன? கமிட்டிக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். மேளம் வாசிக்காத நேரத்தில் மாலை கட்டவும் மண்டபத்தைப் பெருக்கவும் ஒரு கை கிடைக்கும் என்ற கணக்கும் அதில் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் துடைப்பம் வந்துவிடும். ஒப்பந்தத்தில் வேலை நேரம், வார விடுப்பு, வாசிப்பு தவிர்த்த வேலைகள் என மூன்று வரி எழுதி வாங்குவதற்குத் தயங்கவே கூடாது.

கலைஞன் என்று போக வேண்டுமானால், கலைஞன் என்று நிரூபிக்க வேண்டும். நம் ஆட்கள் சறுக்குவது இதில்தான்.

கும்பாபிஷேகப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். ‘மங்கல இசை’ என்ற தலைப்பின் கீழ் நாயனக்காரர் பெயர், பக்கத்தில் ‘குழுவினர்’. தவில்காரர் பெயர் வருவது பெரிய இடங்களில் மட்டும். இருபது வருடமாக வாசித்த ஒரு தவில்காரருக்குத் தன் பெயர் அச்சான தாள் நாலு தேறாது. தேறியதும் பரணில் செல்லரித்துக் கிடக்கும். அமெரிக்க மனுவுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பத்திரிகைச் செய்தி, விருதுச் சான்று, அரசு இசைப்பள்ளிச் சான்றிதழ், மூத்த வித்வான் எழுதிய கடிதம் எல்லாம் சேரும். தமிழில் இருப்பவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆகவே இனிமேல் வருகிற ஒவ்வொரு நோட்டீஸிலும் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்பதும், அதைப் படம் எடுத்து வைப்பதும் தவில்காரருக்குத் தொழில் சார்ந்த வேலை.

அந்தப் பெயரிலும் ஒரு முள். நோட்டீஸில் ஊர்ப்பெயர் முன்னால், ‘பிள்ளை’யோ ‘கலைமாமணி’யோ கூட, நடுவில் செல்லப்பெயர். பாஸ்போர்ட்டில் இருப்பதோ அப்பா பெயர் ஒட்டிய பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று தூதரக அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் நேர்காணலில் தடுமாற்றம் குறையும்.

வேலை கிடைக்கும் வழி பெரும்பாலும் சிவாச்சாரியார்தான். அங்கே ஏற்கெனவே இருக்கும் குருக்கள் ஊரில் தெரிந்தவரிடம் சொல்வார், அவர் ‘செட்’ வைத்திருப்பவரிடம் சொல்வார். இப்போது அதோடு வாட்ஸ்அப் வீடியோவும் சேர்ந்துவிட்டது. அனுப்பும் வீடியோவில் சபையில் வாசித்த நீண்ட தோடி ஆலாபனையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகுதான். ஆனால் கமிட்டிக்காரர் பார்க்க விரும்புவது வேறு: புறப்பாட்டு மல்லாரி, தேர் நகரும்போது கூட்டத்தைக் கட்டி நிறுத்தும் வாசிப்பு, ஊஞ்சல், பள்ளியறை நீலாம்பரி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் கோயில்களை நடத்துகிறவர்கள் பலர் ஈழத்தமிழர்கள். அவர்கள் அளவெட்டி என்.கே.பத்மநாதனையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையும் கேட்டு வளர்ந்த காதுக்காரர்கள். தவில் சமா என்றால் எழுந்து போக மாட்டார்கள், உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். தஞ்சாவூரில் ஓடியது அங்கே அப்படியே ஓடும் என்று நினைத்துப் போகக் கூடாது.

மலேசியா போகிறவர்களுக்கு வேறொரு சங்கதி. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் இருக்கும். அப்படிப்பட்டவர் வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஐம்பது வயது தாண்டிய பெரியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டாவதில் பள்ளியை விட்டுத் தவில் தூக்கிய பையனுக்குத்தான். அவனிடம்தான் ஏஜென்ட் வந்து, ‘டூரிஸ்ட் விசாவில் போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்’ என்பார். மாற்ற முடியாமல் போனால், பிடிபடுகிறவன் அவன்தான், ஏஜென்ட் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முறையாகப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் சேரும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 10 லட்சம். ஏஜென்ட் கேட்கும் தொகையைப் பார்க்கும்போது இந்த 275 ரூபாயை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

போய் இறங்கியதும் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கும் கமிட்டிகள் உண்டு. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியும் குற்றம். தலைவர் பெரிய மனிதர், கேட்டால் வருத்தப்படுவார் என்ற மரியாதையெல்லாம் இந்த விஷயத்தில் வேண்டாம்.

இனி வாத்தியம். நாகஸ்வரத்தில் தொங்கும் சீவாளி ஊசி பரம்பரையாக வந்த யானைத் தந்தமாக இருந்தால் அதை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு ஊசி கட்டிக்கொண்டு போக வேண்டும். தந்தம் எல்லை தாண்டுவதை சைட்டிஸ் ஒப்பந்தம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது; தாத்தா கொடுத்தது என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. ஆஸ்திரேலியா போகிறவர் தவில் தோலையும் பலாமரக் கட்டையையும் நாணல் சீவாளியையும் படிவத்தில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம். தவிலை நட்டுத் தளர்த்தி அனுப்புங்கள், ஸ்பேனரைக் கைப்பையில் வைக்காதீர்கள். விரல் கூடுகளைக் கையோடு எடுத்துப்போனால் சோதனைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். போட்டுக் காட்டிவிடுங்கள், சிரித்துவிட்டு விடுவார்.

சீவாளியைத் தாராளமாகக் கொண்டு போக வேண்டும். திருவாவடுதுறைப் பக்கத்துச் சீவாளி காவிரிக்கரை ஈரத்துக்குப் பழகியது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். வாயில் வைத்துப் பதப்படுத்தியது அடுத்த பூஜைக்குள் வறண்டு நிற்கும். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரக்குழலும் திடீர்க் குளிரில் வெடிக்கலாம். வெளி வீதியிலிருந்து உள்ளே வந்ததும் எடுத்து ஊதாமல் சற்று நேரம் உறைக்குள்ளேயே விட வேண்டும் என்பார்கள் போய்வந்தவர்கள்.

குளிரைத் தவிர்த்துக் கோடையில் மட்டும் போய்வருகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேர், லண்டன் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர், பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் எல்லாம் கோடை முடிவதற்குள் வந்து போய்விடும். ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். பிரிட்டனுக்குத் தனி விசா. பணம் இரண்டு வருட வேலை அளவுக்கு வராது. ஆனால் தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள் கையை விட்டுப் போகாது. இரண்டு வருடம் கோலாலம்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவரின் இடத்தில் ஊர் செட்டில் வேறொரு தவில் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டார் கைபேசியில் அந்தப் புது எண்தான் இருக்கும்.

(தொடரும்)