பூட்டிய வீடு பேசாமலிருந்தால்

ஒகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஆலய வளவில் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவார்கள். அத்தனை நாளும் ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு காலத்தில் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். இப்போது கைத்தொலைபேசியைத் தட்டி, முன்கதவு சாத்தியபடியே இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு.

கதவைக் கவனிக்கும் உணரி மிக எளியது. நிலையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் ஒரு காந்தம். கதவு சாத்தியிருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், திறந்தால் விலகும். 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சங்கதி இது. கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் கரையோர ஊர்களின் உப்புக் காற்று தகட்டைத் தொடாது. துருப்பிடிப்பது வெளியே கம்பி பூட்டிய முனைகள்தான்.

ஆள் நடமாட்டத்தைக் காட்டும் உணரிக்கு நம் வெயில்தான் சோதனை. அது எதையும் வெளியே வீசுவதில்லை. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் பார்க்கும். அது மிக வலுவாக இருப்பது 9 முதல் 10 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில். உள்ளே அடுத்தடுத்து இரண்டு துண்டுகள். குறுக்கே நடப்பவரின் சூடு முதலில் ஒன்றில் படும், பிறகு மற்றதில். அந்த வித்தியாசம்தான் சமிக்ஞை. உணரியை நோக்கி நேராக வருகிறவரை அது அவ்வளவு எளிதில் பிடிக்காது. மத்தியான வெக்கையில் சுவரும் மனிதத் தோலின் சூட்டை நெருங்கிவிட்டால் பார்வை மங்கும். வெயிலில் காய்ந்த திரைச்சீலை கச்சான் காற்றில் ஆடினாலோ, கள்ளன் வந்துவிட்டதாகக் கத்தும்.

பொய்யாகக் கத்துவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மௌனம்தான் ஆபத்து. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்றார் வலுசக்தி அமைச்சர். தலவிலவுக்குத் தெற்கே, அதே கரையில் இருக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. அதற்கடுத்த நாட்களிலும் மின்வெட்டு. இப்படியான நாளில், உணரிகளின் செய்தியை வெளியே அனுப்பும் வீட்டு ரௌட்டர் அணைந்தால், மிலானோவிலிருக்கும் மகனின் தொலைபேசி எதைக் காட்டும்? மலிவான கருவியென்றால், கடைசியாக வந்த செய்தியையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும்: ‘கதவு மூடியுள்ளது.’

நல்ல கருவி வேறு விதம். ஒன்றும் நடக்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். அது வரவில்லையென்றால் தொலைவிலுள்ள சேவையகம் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும். நாய் குரைக்காவிட்டால் எழும்பிப் பார்க்கிற வேலை.

கமராவும் வைப்பதென்றால், பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், அப்படி மாற்றாமல் விட்ட இலட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. காவலுக்கு வைத்த கமராக்களே ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கும் படையில் சேர்ந்தன.

வாங்கப் போகும்போது கடையிலேயே ரௌட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். தொலைபேசி எத்தனை நிமிடத்தில் சத்தமிடுகிறது என்று நின்று பாருங்கள்.