முதுகெலும்பு உள்நோக்கி அறுவை மருத்துவம்: ஆய்வுப் போக்கும் தமிழ்ச் சொல்லும்

சுபாங் ஜெயாவில் நம் அண்டை வீட்டு முதியவர் ஒருவர், அறுவைக்கு இசைவளிக்கும் படிவம் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். இந்நகர் எழுவதற்கு முன் இங்கிருந்த சீபீல்டு ரப்பர்த் தோட்டத்தில் இளமையில் பால்மரம் வெட்டியவர் அவர். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "சின்ன ஓட்டை போட்டு நரம்பைச் சரி பண்ணிடுவாங்களாம் ஐயா. கையெழுத்துப் போடலாமா?" என்று வினவினார்.

நாம் மருத்துவர் அல்லோம், மொழியியல் பயின்றவர். எனவே கையெழுத்திடலாமா என்பதற்கு விடை கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் அவர் கூற்றிலுள்ள நரம்பு, ஓட்டை, சரி ஆகிய மூன்று சொற்களையும் அவர் எப்பொருளில் விளங்கிக்கொண்டார் என்பது நம் துறைக்குரிய வினா. அம்மூன்று சொற்களின் வழியே இவ்வறுவைத் துறையின் ஆய்வு இன்று நிற்கும் இடத்தைக் காண்போம்.

1. நரம்பு

தமிழ்ப் பேச்சு வழக்கில் நரம்பு என்பது பரந்த பொருளுடையது. ஊசி போட 'நரம்பு கிடைக்கவில்லை' என்னுமிடத்து அது இரத்தக் குழாய். கழுத்துச் சுளுக்கிக்கொண்டால் 'நரம்பு பிசகிவிட்டது' என்னுமிடத்து அது தசை. மருத்துவ நூலிலோ மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழை மட்டுமே நரம்பு.

முதியவரின் நோய் நரம்பில் தோன்றியதன்று. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் அமைந்த வட்டு, மக்கள் வழக்கில் 'டிஸ்க்' அல்லது 'ஜவ்வு', வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே மென்மையான கூழும் கொண்டது. உட்பொருள் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தி அழற்சியூட்டும்போது வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்குகிறது. இத்தொடர்பை 1934-இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகியோர் தெளிவுறுத்தினர். வட்டு எங்கே பழுதுறுகிறது என்பதைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளரிடம் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 65 விழுக்காட்டினரிடம் பழுது நார் வளையத்தின் நடுவில் அன்று, வட்டு எலும்போடு பொருந்தும் விளிம்பிலேயே நேர்ந்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆதலின் 'வட்டு விலகல்' என்பதினும் 'வட்டுப் பிதுக்கம்' என்பதே பொருந்தும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விலகியதை மீண்டும் இருந்த இடத்தில் வைக்கலாம் என்ற எண்ணம் 'விலகல்' என்னும் சொல்லிலேயே உள்ளது. அவ்வெண்ணத்தால்தான் பலர் சுளுக்கு எடுப்பவரை நாடுகின்றனர். உண்மையில் இவ்வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அறுவையின்றியே தணிகிறது. ஆனால் சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், அமரும் பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே வருதல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

2. ஓட்டை

முதுகைத் திறந்து தசையை விலக்கி எலும்பில் ஒரு பகுதியை நீக்கிச் செய்வது பழைய முறை. 1970-களில் நுண்ணோக்கி வந்து வெட்டைச் சுருக்கிற்று. 1975-இல் ஜப்பானில் ஹிஜிகாட்டா தோல்வழியே குழாய் செலுத்தி வட்டுக் கூழை நீக்கும் முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் காம்பின், நரம்பு வேருக்குத் தீங்கின்றிக் கருவி நுழையத்தக்க ஒரு முக்கோண இடைவெளியை வரையறுத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இன்றைய உள்நோக்கி ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டமுடையது. ஒளி, காட்சி, உப்புநீர், கருவி ஆகிய நான்கும் அவ்வொரு குழாயின் வழியே செல்கின்றன. பக்கவாட்டில் நரம்பு வெளியேறும் துளையின் வழியே நுழைவது ஒரு முறை. அம்முறையில் நோயாளர் விழித்திருக்கவே அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை நடத்தலாம். பின்புறத்தில் எலும்புத் தகடுகளின் இடையே நுழைவது மற்றொரு முறை. காட்சிக்கு ஒன்றும் கருவிக்கு ஒன்றுமாக இரு துளையிடும் முறையும் உண்டு. அதனைப் பரப்பியதில் கொரிய மருத்துவர்க்குப் பெரும்பங்கு உண்டு. தொடக்கத்தில் வட்டுக் கூழை நீக்க மட்டும் பயன்பட்ட உள்நோக்கி, இன்று தண்டுவடக் கால்வாய்க் குறுக்கம், கழுத்துப் பகுதி அறுவை, முள்ளெலும்புகளை ஒன்றிணைத்தல் ஆகியவற்றுக்கும் பயன்படலாமா என்பதே ஆய்வின் முதன்மைப் போக்கு.

'குறைந்த ஊடுருவல்' என்னும் அடைமொழியில் குறைவது எது? நரம்பை அடையும் வழியில் தசைக்கும் எலும்புக்கும் நேரும் சிதைவு குறைகிறது. நரம்பின் அருகே செய்யும் வேலையோ குறைவதில்லை. நரம்புறை கிழிதல், பிதுங்கிய துண்டு எஞ்சிவிடுதல், மீண்டும் பிதுங்குதல் ஆகிய இடர்கள் இம்முறையிலும் உள்ளன. 'சின்ன ஓட்டை' என்னும் தொடர் முதியவர் உள்ளத்தில் 'சின்ன அறுவை' என்றே பதிந்திருந்தது.

3. சரி

நெதர்லாந்தில் 613 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஒப்பீட்டாய்வு 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. உள்நோக்கி முறை, திறந்து செய்யும் நுண்ணறுவையினும் 'தாழ்ந்ததன்று' என்பது அதன் முடிவு. ஓராண்டின் இறுதியில் கால்வலி உள்நோக்கிப் பிரிவினர்க்குச் சற்றே குறைந்திருந்தது. 'தாழ்ந்ததன்று' என்பதும் 'மேலானது' என்பதும் ஒன்றல்ல. அவ்வகை ஆய்வு, புதுமுறை பழையதினும் குறிப்பிட்ட அளவுக்குமேல் பின்தங்கவில்லை என்பதை நிறுவுவதற்கென்றே வகுக்கப்படுவது. இச்செய்தியைத் தமிழில் எழுதுவோர் எதிர்மறையை நீக்கிச் 'சிறந்தது' என்று எழுதிவிட்டால், ஆய்வாளர் கூறாத ஒன்றைக் கூறியவராவர்.

அவ்வாய்வில் மற்றொரு நுட்பமும் உண்டு. இம்முறைக்குப் புதியவரான மருத்துவர்கள் தொடக்கத்தில் செய்த 125 அறுவைகள், பயிற்சிக் காலத்தவை எனத் தனியே வைக்கப்பட்டன. கைத்திறன் காலத்தால் வருவது என்பதை ஆய்வே ஒப்புக்கொள்கிறது. எனவே 'எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள்?' என்று மருத்துவரைக் கேட்பது அவமதிப்பாகாது.

4. பெயரிடுதல்

ஒரே அறுவை பல பெயர்களால் வழங்கியமையால் ஆய்வுகளை ஒப்பிடுவது ஆங்கிலத்திலேயே அரிதாயிற்று. ஆகவே ஏஓ ஸ்பைன் அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு மருத்துவர்கள் 2020-இல் ஒரு பெயரிடு முறையை வெளியிட்டனர். நுழையும் வழி, முதுகெலும்பின் பகுதி, செய்யும் செயல் ஆகியவை பெயரில் இடம்பெறும். தமிழ்த் தொகைச்சொல்லுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. 'துளைவழி உள்நோக்கி இடுப்பு வட்டு நீக்கம்', 'தகட்டிடைவழி உள்நோக்கி இடுப்பு வட்டு நீக்கம்' எனும்போது எவ்வழியே சென்று எதனைச் செய்கின்றனர் என்பது கேட்போர்க்கு விளங்கும். 'சாவித்துவார அறுவை' என்பதில் அவ்விளக்கம் இல்லை.

இம்முயற்சி தமிழுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' என்னும் நூல் அவர் முயற்சியால் 1867-இல் வெளிவந்தது. இன்று தமிழர் தமிழ்நிலத்திலேயே உலகத்தரமான ஆய்வு செய்கின்றனர். அதனைக் கூறும் சொற்களோ தமிழ் நோயாளரை வந்தடையவில்லை.

முதியவர்க்கு நாம் ஒரு தாளில் நான்கு வினாக்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். எந்த வழியே நுழைவீர்கள்? அறுவையின்றிக் காத்திருந்தால் என்ன ஆகும்? நேரக்கூடிய இடர்கள் யாவை? நீங்கள் இதுவரை எத்தனை செய்துள்ளீர்கள்? அவற்றுக்கு விடை பெற்ற பின்னரே அவர் கையெழுத்திட்டார். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணாக்கரைக் கொண்டு இத்தகைய வினாத்தாள்களையும் உடலுறுப்புச் சொற்பட்டியல்களையும் உருவாக்கலாம். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் படிவத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல வீடுகளில் அம்மாணாக்கரிடமே உள்ளது.