உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

நெடுநாள் பெட்டியில் கிடந்த பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று அகப்பட்டால், கை உடனே மின்விசையை நாடுகிறது. அந்த ஆவலைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள் என்று நேயர்களை வேண்டிக்கொள்கிறேன்.

என் மேசைமீதுள்ள எஞ்சின் என் தந்தையார் எனக்கு அளித்தது. ஹார்ன்பி டப்ளோ வகையைச் சேர்ந்தது. லிவர்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனத்தார் 1938ஆம் ஆண்டில் இவ்வகையை வெளியிட்டனர். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நடுவே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் உண்டு. 12 வோல்ட் மின்சாரம் அதன் வழியே ஏறிச் சக்கரங்களின் வழியே திரும்பும்.

பல்லாண்டு ஓடாத எஞ்சினில் எண்ணெய் எண்ணெயாக இராது. அரக்குப்போல் இறுகி அச்சுகளைப் பற்றியிருக்கும். அந்நிலையில் மின்சாரத்தைச் செலுத்தினால் மோட்டார் சுழலாது நின்று, கம்பிச்சுருள் கருகிப்போகும். ஆகவே முதலில் மேற்கூட்டைக் கழற்றுங்கள். வார்ப்பில் வெடிப்பு உண்டா என்று நோக்குங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிது கலந்துவிட்டிருந்தால் அது நாளடைவில் உதிர்ந்துபோகும், அதற்கு மருந்தில்லை.

அடுத்து, கரித்துண்டுகள் உராயும் செப்புத் துண்டங்கள் மூன்றையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். அவற்றிடையே உள்ள பிளவுகளில் கரிப்பொடி அடைந்திருக்கும், மரக்குச்சியால் நீக்கலாம். உப்புக்காகிதம் வேண்டாம்; அது கீறிய செப்பு கரியைத் தின்றுவிடும்.

இனி, நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். துப்புரவில் மிகுந்த ஆர்வங்கொண்டு, சுழலும் உருளையையே வெளியே எடுத்துவிட்டேன். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே பாலமாக நிற்கும் இரும்பு அவ்வுருளையில்தான் உள்ளது. அது நீங்கியதும் அக்காலத்து அல்நிக்கோ காந்தம் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. திரும்பப் பொருத்தினாலும் இழந்தது வாராது. என் எஞ்சின் ஓடிற்று. ஆனால் விரைவில் சூடேறியது, இரண்டு பெட்டிகளைக் கோத்தாலே திணறிற்று. தந்தையார் காலத்தில் நான்கை இழுத்த எஞ்சின் அது! காந்தத்துக்கு மீண்டும் வலுவேற்றும் கருவி உடையவர் ஒருவரைத் தேடிப்பிடித்த பின்னரே என் மனம் ஆறியது. உருளையை எடுக்காமலே வேலையை முடிக்க முடியுமானால் முடித்துவிடுங்கள்.

எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு, அச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு துளியே இடவேண்டும். மிகுந்தால் அது செப்பின்மேல் தெறித்துக் கரிப்பொடியோடு குழம்பும்.

எஞ்சினோடு வந்த பழைய மின்மாற்றியை நம்பாதீர்கள். அதன் கம்பிகளின் ரப்பர் உறை பொடிந்திருக்கக்கூடும். வீட்டு மின்சாரம் உயிரைக் குடிக்கும். 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் புதிய கருவி ஒன்றைக் கொள்வதே நன்று. பெட்டிகளைக் கோக்காமல், குறைந்த விசையில் முன்னும் பின்னுமாக அரைமணி நேரம் ஓட்டுங்கள். இடையிடையே நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பே, விரல் பொறுக்காத சூடு கண்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் அச்சுகளை ஆராயவேண்டியதுதான்.