புதன்கிழமை ஊசி, வியாழக்கிழமை தறி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி வீடுகளில் தூளி தறிக்குப் பக்கத்திலேயே தொங்கும். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். கரை நாடாவைப் போடுபவர் பல வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்தான். தடுப்பூசி நாளான புதன்கிழமை ஊசி போட்ட குழந்தை ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் அழுதால் வியாழக்கிழமை தறி நிற்கும். புடவைக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டுக்கு நின்ற தறி காசு தராது.

காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கக்குவான் தடுப்பு மருந்து. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் அது இருக்கிறது. ஓரிரு நாள் காய்ச்சலும் தொடை வீக்கமும் வரும், தானே போய்விடும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். வரிசை நீளமான புதன்கிழமைகளில் அந்த இரண்டு நிமிஷம்தான் கிடைப்பதில்லை.

பக்கவிளைவு பயத்தை அறியாமை என்று தள்ளக் கூடாது என்பவர்களும் உண்டு. சரிதான். 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர். 2015-16-ல் 70-ஆகச் சரிந்து, 2019-21-ல் 89-ஆக ஏறியது.

ஆனால் அந்த 89-ல் எனக்கு முழு நிம்மதி இல்லை. அந்தக் கணக்கு தட்டம்மைக்கு ஒரு தவணையோடு முடிந்துவிடுகிறது. ஒன்பது மாதத்தில் போடும் அந்த ஊசி நூறு குழந்தைகளில் சுமார் 85 பேரைத்தான் காக்கும். மிச்சப் பேருக்காகவே 16 மாதத்துக்கு மேல் இரண்டாம் தவணை. அன்றைக்கே கக்குவான் ஊக்க ஊசியும் உண்டு. பழைய ராத்திரியை நினைத்து, "அடுத்த புடவை இறங்கட்டும்" என்று தள்ளிப்போட்டால் இரண்டுமே போகும்.

தட்டம்மை என்கிற மணல்வாரி வந்தால் வாசலில் வேப்பிலை செருகுவதும் தண்ணீர் ஊற்றும் நாள் பார்ப்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. வேப்பிலைக்கும் ஊசிக்கும் சண்டையும் இல்லை. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் சுகாதார நிலையத்துக்கும் போகிறார்கள். வேப்பிலையால் நிமோனியாவைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான். தட்டம்மை கண்ட குழந்தையைப் பெரும்பாலும் கொண்டுபோவது அதுதான்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து 16 மாதக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் ஐந்து வயதுக்குள் எந்தப் புதனிலும் போடலாம்; முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.